இருமல் போட்ட வருகை

ஒரு காட்டில், மலையடிவாரத்துப் பள்ளம் ஒன்றில், விலங்குக் குட்டிகளின் பள்ளிக்கூடம் நடந்து வந்தது. காற்று அடிக்காத இடம் என்று தலைமையாசிரியர் யானை தேடிப் பிடித்த பள்ளம் அது.

அந்தக் கோடையில் மலைக்கு அப்பால் காடு தீப்பிடித்தது. தீ தூரத்தில்தான் இருந்தது. புகைதான் இரவோடு இரவாகச் சரிவில் இறங்கி வந்து, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கிக்கொண்டது.

காலையில் பள்ளத்துக்குள் கால் வைத்ததுமே ஆசிரியை சருகுமான் குட்டிகளைத்தான் பார்த்தாள். முயல்குட்டி பொட்டுவுக்குச் சாதாரண நாளிலேயே இழுப்பு வரும். இன்று ஒவ்வொரு மூச்சுக்கும் அவனுடைய விலா உள்ளே போய்ப் போய் வந்தது. இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று அவள் பதறினாள்.

மேட்டுக்கு ஓடி, பிள்ளைகளை மேலே இருக்கும் பாறைக்குகைக்கு மாற்றிவிடலாம் என்று யானையிடம் கெஞ்சினாள். யானை மேட்டில் நின்றபடியே தும்பிக்கையை உயர்த்தி மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"காற்று நன்றாகத்தானே இருக்கிறது, டீச்சர்? நம் பள்ளிக்கூடம் ஒருநாளும் நின்றதில்லை" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் மூக்கு இருந்த உயரத்தில் காற்று நன்றாகத்தான் இருந்தது.

பிறகு வழக்கம்போல அங்கிருந்தே பெயர் கூப்பிட்டார். "உள்ளேன் ஐயா" என்று குட்டிகள் ஈனக் குரலில் சொல்லின. பொட்டுவின் பெயருக்கு மட்டும் இருமல்தான் வந்தது.

"இருமுகிறான் என்றால் வந்திருக்கிறான் என்றுதானே பொருள்?" என்று யானை அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

சருகுமானுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் சண்டை போட நேரமில்லை. பொட்டுவின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. யானைக்குத் தன் குரலின்மேல் எவ்வளவு பெருமை என்பது அவளுக்குத் தெரியும்.

"ஐயா, உங்கள் குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை" என்றாள்.

யானைக்குச் சுருக்கென்றது. விடுவிடுவென்று பள்ளத்தில் இறங்கி, குட்டிகளுக்கு நடுவே மண்டியிட்டு, தும்பிக்கையைத் தரையில் ஊன்றினார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "பொட்..." என்று ஆரம்பித்தார்.

அதற்குமேல் பேச்சு வரவில்லை. தொண்டை கரகரத்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, அந்தப் பெரிய உடம்பு இருமி இருமிக் குலுங்கியது.

பொட்டு திணறித் திணறிச் சொன்னான்: "டீச்சர், ஐயாவும் வந்திருக்கிறார்."

யானை இருமிக்கொண்டே எழுந்தார். பொட்டுவைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். எல்லாரும் குகைக்குள் போனதும், வாசலைத் தழைகளால் நெருக்கமாக மூடி, ஆற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டே இருந்தார். புகை விலகும்வரை ஓட்டமும் விளையாட்டும் கிடையாது என்று சருகுமான் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசவில்லை.

மறுநாள் குகையில் தலையைத் தாழ்த்தி அவர் பெயர் கூப்பிட்டார்.

"பொட்டு."

"உள்ளேன் ஐயா." பதில் இருமல் இல்லாமல் வந்தது.

காது நன்றாகக் கேட்கும் யானை, அந்தப் பெயரை மட்டும் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

நீதி: சின்னவர்கள் விடும் மூச்சு எப்படிப்பட்டது என்று அறிய, பெரியவர்கள் அவர்கள் உயரத்துக்குக் குனிய வேண்டும்.