இலவமரக் கட்டில் செய்த திருமேனித் தச்சர்

கொள்ளிடத்தின் வடகரையில் இலவந்துறை என்றோர் ஊர். அங்கே திருமேனித் தச்சர் என்னும் அடியார் வாழ்ந்தார். தேக்கும் வேங்கையும் செல்வர் வீடுகளுக்குப் போய்விடும். கூலிக்காரர் வீட்டுக்கு எட்டிய மரம் இலவம் ஒன்றே. அதில்தான் அவர் கட்டிலும் மணையும் தொட்டிலும் செய்து கொடுத்தார். விடிந்ததும் நிழல்தந்த ஈசர் கோயில் வாசலைப் பெருக்கி, திருநீறு அணிந்த பிறகே உளியைத் தொடுவார்.

இலவம் தச்சனுக்கு அடங்காத மரம். உளி வைத்தால் வெட்டுப்படாமல் நசுங்கும். இழைத்தால் பஞ்சாக நார் எழும். ஆணி நிற்காது, வண்டு விடாது. திருமேனியார் அதைக் குளத்துச் சேற்றில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கால்களைத் தடிமனாக விட்டு, ஆணிக்குப் பதில் மூங்கில் முளை அறைவார். அடிக்கடி உளி தீட்ட வேண்டியிருக்கும். தீட்டும்போதெல்லாம் அவர் வாய் ஐந்தெழுத்தை ஓதும்.

"விறகாசாரி" என்று மற்றத் தச்சர்கள் நகைத்தார்கள். அவர் கோபித்ததில்லை. "தரையில் கிடக்கிறவர்களைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறேன். அதற்கு இந்த மரம் போதும்" என்பார்.

ஓர் ஐப்பசியில் ஆறு கரை உடைத்து ஊருக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் கழிச்சல் நோய் பரவியது. குடிசைகளில் நோயாளிகள் ஈரச் சேற்றிலேயே கிடந்தார்கள். திருமேனியாரும் மனைவி தையல்நாயகியும் ஓய்வின்றிக் கட்டில் செய்து வீடு வீடாகச் சுமந்து சென்றார்கள். அந்த நோய் அவர்கள் வீட்டுக்கும் வந்தது. ஒரே மகள் உமையாள், தந்தை செய்த கட்டிலில், அவர் கையைப் பிடித்தபடி இறந்தாள்.

ஊர்த்தலைவர் கச்சிராயர், "இலவத்தில் பேய் குடியிருக்கும். இவன் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய் வைத்தான். பெற்ற பெண்ணையே அது தின்றுவிட்டது" என்றார். அச்சத்தில் இருந்த ஊர் அதை நம்பியது. கட்டில்களை வீதியில் குவித்துக் கொளுத்தினார்கள். பட்டறையில் இருந்த மரமும் எரிந்தது. நோயாளிகள் மறுபடி சேற்றுக்கே போனார்கள்.

"இந்த மரத்தை இனித் தொடாதீர்கள்" என்று தையல்நாயகி அழுதார். "யாருக்காகச் செய்யப் போகிறீர்கள்?"

"தெரியவில்லை, தையலு. ஈசனிடம் பெண்ணைத் திருப்பிக் கேட்கவும் வாய் வரவில்லை. ஈரத்தில் ஒருவன் கிடந்தால் கை மட்டும் தானாகப் போகிறது" என்றார் அவர்.

அந்த அம்மையாரையும் நோய் கொண்டுபோயிற்று. தூக்க ஆள் வரவில்லை. தச்சரே தோளில் சுமந்து சென்று தீ வைத்தார். அவர் கண்ணில் நீர் வரவில்லை. மறுநாளும் கோயில் வாசலைப் பெருக்கினார்.

அன்று மழையில், நோயுற்ற முதியவர் ஒருவரைக் கோயில் மண்டபத்திலிருந்து விரட்டினார்கள். அவர் படித்துறைச் சேற்றில் விழுந்தார். "குளிருகிறதப்பா. படுக்க ஏதாவது உண்டா?" என்று திருமேனியாரைக் கேட்டார்.

மரமென்று எஞ்சியிருந்தவை வீட்டுக் கதவும் அதன் நிலைச்சட்டமும்தான். அடியார் அவற்றைக் கழற்றி வந்து, சட்டத்தை அறுத்துக் கதவுக்குக் கால் பூட்டினார். முதியவரைத் தூக்கிக் கிடத்தித் தம் மேல்துண்டால் துடைத்தார். எட்ட நின்ற கூட்டம், "பிணத்துக்குக் கட்டில் போடுகிறான்" என்றது.

"உன் வீட்டாரையும் இப்படித்தானே கிடத்தினாய்? போய்விட்டார்களே. பிறகும் ஏன்?" என்றார் முதியவர்.

"போனார்கள் ஐயா. ஆனால் ஈரத்தில் கிடந்து போகவில்லை."

அடியார் குனிந்து அவர் பாதங்களைத் துடைத்தார். துண்டில் ஒட்டியது சேறாக இல்லை, வெண்ணீறாக இருந்தது. நிமிர்ந்தபோது கட்டிலில் முதியவர் இல்லை. செஞ்சடையும் பிறையுமாக ஈசர் வீற்றிருந்தார்.

"திருமேனி, நீ செய்த கட்டில் ஒவ்வொன்றிலும் நாமே கிடந்தோம்."

தச்சர் கேட்டது ஒன்றே. "என் மகள் கிடந்ததிலுமா, சுவாமி?"

"அவள் பக்கத்தில் கிடந்தோம். நீ ஒரு கையைப் பிடித்திருந்தாய். மற்றது நம்மிடம் இருந்தது."

அப்போதுதான் அவர் அழுதார். அழுதபடியே அந்தத் திருவடியில் தலை வைத்தார், பிறகு எழவில்லை. அஞ்சி நின்ற ஊரார் நெருங்கி வந்து, அவர் உடலை அந்தக் கட்டிலிலேயே கிடத்தினார்கள். அதன் முன்காலைக் கச்சிராயர் தோளில் தாங்கினார்.

வேண்டாத மரத்தைக் கொண்டு வேண்டாதாரை ஏந்திய அந்தக் கைகளுக்கு நம் வணக்கம் உரியதாகுக.