கண்டல் கடலைக் கூப்பிட்ட கதை

அந்தக் காலத்தில் மரத்துக்கு வாய் இருந்தது, கடலுக்குக் காது இருந்தது. கழிமுகத்துச் சேற்றில் கண்டல் என்றொரு மரம், பெருங்காட்டுக்கே தலைவியாக நின்றாள். சரியான கோபக்காரி! வேர்களை முழங்காலாக மடக்கி ஊன்றிக்கொண்டு, "ஓர் அடி உள்ளே வராதே!" என்று கடலைப் பொழுதன்றைக்கும் விரட்டுவாள்.

அவள் கூட்டத்தில் யார் சாய்ந்தாலும் அதே சேற்றில்தான் படுக்க வைப்பார்கள். பெற்றவள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் அவள் காலடியில்தான் கிடந்தார்கள். அதுதான் அவளுக்குத் தெம்பு.

விரட்டி விரட்டி, கடல் ஒருநாள் கோபித்துக்கொண்டு வெகுதூரம் போய்விட்டாள். சேறு காய்ந்து வெடித்தது. உடனே தீ வந்து சேர்ந்தான்.

"கண்டலம்மா, பச்சை மரம் எனக்கெதற்கு? கீழே கிடப்பவர்களைக் கொடு, போதும்."

"செத்த பிறகும் அவர்களுக்கு நிம்மதி கிடையாதா? போடா அந்தப் பக்கம்!"

அவனா போவான்? ஓரத்தில் கிடந்தவர்களைத் தின்னத் தொடங்கினான். கண்டல் வீறாப்பையெல்லாம் விட்டுவிட்டுக் கத்தினாள்.

"கடலக்கா! ஓடி வந்து என் சனத்தை மூடிவிடு!"

"விரட்டிய நீயா கூப்பிடுகிறாய்? வருகிறேன். ஆனால் எனக்கு அரைகுறை வேலை தெரியாதடி. உன்னையும் சேர்த்துத்தான் மூடுவேன்."

கண்டல் தன் கிளைகளைப் பார்த்தாள். காய்கள் தொங்கின. பிஞ்சு விதைகள், வெள்ளம் வந்தால் தாங்காது. தன் உயிரையெல்லாம் ஊட்டி, கிளையிலேயே அவற்றை முளைக்க வைத்தாள்.

"பிள்ளைகளை மட்டும் மிதக்க விடு அக்கா. கரை கண்டதும் இறக்கிவிடு."

"அது என் பொறுப்பு."

பிள்ளைகளை உதிர்த்தாள். வேர்ப்பிடியைத் தளர்த்தினாள். கடல் உள்ளே வந்து தீயை விரட்டினாள், வண்டலைப் போர்த்தினாள், அதன் மேல் சிப்பிகளைப் பரப்பினாள். கண்டலின் உச்சிக் கிளையும் மறைந்தது.

வெகுகாலம் கழித்துக் கடல் விலகியபோது, பிள்ளைகள் அந்தச் சிப்பிச் சேற்றிலேயே கால் ஊன்றிக் காடானார்கள். அவர்களிலும் சாய்ந்தவர்கள் காலடியில் சேர்ந்தார்கள். மறுபடி தீ வந்தான். மறுபடி "கடலக்கா!" என்று கூப்பாடு எழுந்தது.

அன்று தொடங்கிய வழக்கம்தான், கண்டல் இன்றும் பிள்ளையை முளைக்க வைத்தே தண்ணீரில் இறக்குகிறாள். பூமியைத் தோண்டினால் கறுப்பாய் ஓர் அடுக்கு நிலக்கரி, மேலே சிப்பி கலந்த சேறு, அதற்கும் மேலே மறுபடி கறுப்பு என்று கிடப்பதும் அதனால்தான். கறுப்பெல்லாம் கண்டலின் சனம், சிப்பியெல்லாம் கடல் வந்துபோன தடம். வெட்டியெடுத்த கரியைத் தீ விடாமல் பிடித்துக்கொள்கிறானே, ஏன் என்கிறீர்கள்? அன்று கேட்டது இன்றுதானே அவன் கைக்கு வந்திருக்கிறது!