ஊறுகாய் ஜாடிக்கு எத்தனை பட்டை

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். நம் குரு பிலோமினாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. கடலோர ஓடுதளம் ஒன்றில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தலை நரைத்தவர் சிஷ்யர் அருமைநாயகம்தான். ஊரில் பாதிப் பேருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய டாக்டர். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்காமல், கார் ஷெட்டில் உட்கார்ந்து தன் கையாலேயே ஒரு குட்டி விமானம் செய்து முடித்திருந்தார்.

அருகருகே இரண்டு இருக்கைகள், அவற்றுக்குப் பின்னால் பெட்டி வைக்க ஒரு பலகை. அவ்வளவுதான் விமானம். ஷெட்டில் இடம் போதாமல் ஒரு இறக்கை வெகுநாள் வீட்டுக் கூடத்தில் கிடந்தது. மனைவி கனகவல்லி அதைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கினாரே தவிர, ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஏறச் சொன்னால் மட்டும், "முதல்ல நீங்க போய்ட்டு முழுசா வாங்க, அப்புறம் பார்ப்போம்" என்று நழுவிவிடுவார்.

டாக்டர் பல தடவை போய்விட்டு முழுசாக வந்தார். கனகவல்லி ஒருவழியாகச் சம்மதித்தார். விமானத்திலேயே மகள் ஊருக்குப் போவது என்று முடிவானது. மகளுக்குப் போட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் கூட வர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஊறுகாய் பீங்கான் ஜாடியில் இருந்தது. தூக்கினால் கை வலிக்கும்.

அனுமதி எல்லாம் வாங்கியாயிற்று. பிலோமினா ஒரு தடவை பார்த்துச் சரி என்றால் கிளம்ப வேண்டியதுதான்.

"டீச்சர், இதைப் பாருங்க."

ஜாடி ஒரு பைக்குள் இருந்தது. பையின் மேல் இரண்டு முனையிலும் கொக்கி வைத்த ரப்பர் கயிறு. ஸ்கூட்டர் பின்னால் கேஸ் சிலிண்டர் கட்டிக் கொண்டுவந்த அதே கயிறு.

"கடையில கேட்டா பெல்ட்டு யானை விலை சொல்றான். இது வீட்லயே கிடந்துச்சு. பாருங்க, அசையுதா?" என்று டாக்டர் பையை இரண்டு கையாலும் அமுக்கிக் காட்டினார். அசையவில்லை.

"எந்தப் பக்கமா அமுக்குறீங்க டாக்டர்?"

"கீழ."

"கீழ பலகை இருக்கு. அது பாத்துக்கும்."

பிலோமினா பைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். ரப்பர் சொன்னபடி கேட்டு நீண்டது. பை இருக்கையின் உச்சி வரைக்கும் வந்துவிட்டது.

"மேல காத்து ஒரு குலுக்கு குலுக்கினா பை இங்க வந்து நிக்கும். இதுக்கப்புறம் எங்க போகும்?"

டாக்டர் பார்த்தார். பைக்கு நேர் எதிரே வலப்பக்க இருக்கை. அங்கே கனகவல்லியின் தலை இருக்கும்.

"அப்ப நல்ல செலவு இருக்குன்னு சொல்லுங்க."

"யார் சொன்னா? செலவைக் குறைக்கிறது ஒண்ணும் தப்பில்ல. நீளாத பொருளா பாருங்க, போதும்."

பயணம் தள்ளிப்போனது. கனகவல்லி கோபப்படவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்று ஜாடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

டாக்டர் காயலான் கடைக்குப் போனார். உடைக்க வந்த கார்களின் சீட் பெல்ட்டுகளில் நூல் பிரியாததாகத் தேடி எடுத்தார். துறைமுகத்துப் பக்கம் வலை விற்பவரிடம் தடித்த நைலான் வலையில் ஒரு துண்டு வாங்கினார். பெல்ட்டுகளைப் பலகையில் திருகாணி போட்டு முடுக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பிலோமினாவைக் கூப்பிட்டார்.

பிலோமினா ஒரு பெல்ட்டைப் பிடித்துச் சாய்ந்து இழுத்தார். மரத்தூளோடு திருகாணி கையில் வந்தது.

"போச்சா!" என்றார் டாக்டர்.

"கடைவாய்ப் பல்லு எதுல டாக்டர் நிக்குது? ஈறுலயா?"

"எலும்புல." சொல்லிவிட்டு அவரே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

பலகைக்கு அடியில் விமானத்தின் இரும்புக் குழாய்ச் சட்டம் ஓடியது. அன்று முழுக்கக் குனிந்து கிடந்து, பெல்ட்டுகளை அந்தக் குழாய்களில் சுற்றிப் பிணைத்தார். பிலோமினா மறுபடி தொங்கிப் பார்த்தார். விமானம்தான் ஆடியது, பெல்ட் அசையவில்லை.

பயண நாள் மறுபடி வந்தது. கனகவல்லி ஓடுதளத்து ஷெட் நிழலில் நின்று மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பைக்கு மேல் வலை, வலைக்கு மேல் இரண்டு பெல்ட்டுப் பட்டை.

"இப்ப போதுமா டீச்சர்?"

"உங்களுக்கு எப்படித் தோணுது?"

"தாராளமாப் போதும்."

"சரி, நீங்க வலப்பக்கம் ஏறுங்க. நான் ஓட்டுறேன். ஓடுதளத்துல நல்ல வேகத்துல போய் சட்டுனு பிரேக் போடுறேன்."

டாக்டர் ஏறினார். அந்த இருக்கையை அவரேதான் தைத்துப் பொருத்தினார். ஆனாலும் அதில் உட்கார்ந்தது அன்றுதான். முன்னால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. ஜாடி பிடரிக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது.

பிலோமினா சாவியில் கை வைத்தார். "போகலாமா?"

"ஒரு நிமிஷம்."

டாக்டர் இறங்கினார். வலையை அவிழ்த்தார். ஜாடியைப் பையிலிருந்து எடுத்து, பயணத்துக்கு எடுத்துவந்த தன் போர்வையால் சுற்றி, பலகையின் தாழ்ந்த மூலையில் ஒட்டி வைத்தார். வலையைப் போட்டார், இரண்டு பட்டையையும் முடுக்கினார். மிஞ்சிக் கிடந்த மூன்றாவது பட்டையை எடுத்து, ஜாடி முன்னால் வராதபடி பின்பக்கக் குழாயோடு சேர்த்து இறுக்கினார். வியர்வை சொட்டியது.

பிலோமினா கையைப் பின்னால் நீட்டி அந்தப் பட்டையை இழுத்துப் பார்த்தார். நன்றாகவே நின்றது.

"தாராளமாப் போதும்னீங்களே டாக்டர்?"

அருமைநாயகம் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

"இப்ப போங்க டீச்சர். எவ்வளவு வேகமா வேணும்னாலும் போங்க."

பிலோமினா சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"ஓட்டலையா?"

"இறங்குங்க டாக்டர்," என்றார் பிலோமினா. "அது அக்கா சீட்டு. அவங்களைக் கூப்பிடுங்க."