பலூனுக்குப் பின்னால்

பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்து மாடியில், சனிக்கிழமைதோறும் மெஹர் காமிக்ஸ் வரையச் சொல்லித்தருவாள். அவளுக்கு வயது இருபத்தாறு. மாணவி ஜெசிந்தாவுக்கு ஐம்பத்து மூன்று. ஆனாலும் கான்வென்ட் பழக்கம் போகவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுந்து நின்று "மிஸ்" என்பாள்.

அன்று ஆறு கட்டத்தில் ஒரு கதை வரைந்து கொண்டு வந்திருந்தாள். தங்கை ஃப்ளோராவுக்காக. ஃப்ளோரா ஐந்து மாதமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. ஜெசிந்தா தினமும் போன் போட்டு, வாக்கிங் போ, ஜெபம் பண்ணு, வாழைத்தண்டுச் சாறு குடி என்று ஒன்று விடாமல் சொல்லிப் பார்த்தாள். மூன்று வாரமாக ஃப்ளோரா போனையே எடுப்பதில்லை. அதையெல்லாம் படமாகக் கொடுத்தால் தட்ட மாட்டாள் என்று ஜெசிந்தாவுக்கு ஒரு நினைப்பு.

"இதைப் பார்த்தா மறுபடி என்கிட்ட பேசுவாளா மிஸ்?"

மெஹர் பக்கத்தைப் பார்த்தாள். ஆறு கட்டத்திலும் அக்காவின் வசனம் எழுதிய பேச்சு பலூன் பூரி மாதிரி உப்பி நின்றது. தங்கை இருந்த இடத்தில் கொஞ்சம் முடி மட்டும் தெரிந்தது.

"இந்த பலூனுக்குப் பின்னால யாரு?"

"ஃப்ளோரா."

மெஹர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தாள். "அவங்க முகத்தை வரைங்க."

மூக்கு வந்தது. கண் வரவில்லை. ஜெசிந்தா அழித்து அழித்ததில் தாளே கிழிந்தது. கல்யாண ஆல்பத்து முகம்தான் ஞாபகத்தில் இருந்தது. அந்த முகத்துக்கு வயது இருபத்து நாலு.

"பார்த்துட்டு வாங்க," என்றாள் மெஹர்.

அடுத்த சனிக்கிழமை ஜெசிந்தா ஒரே ஒரு கட்டத்தோடு வந்தாள். ஃப்ளோரா முதலில் கதவைத் திறக்கவில்லையாம். உபதேசம் பண்ண வரவில்லை, மூஞ்சியை வரையணும் என்று ஜெசிந்தா ஜன்னல் வழியாகச் சொன்னாளாம். அக்காவுக்கு என்ன ஆச்சோ என்று பயந்துபோய்த்தான் திறந்திருக்கிறாள். வரைகிற மும்முரத்தில் ஜெசிந்தா ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஃப்ளோராதான் எட்டிப் பார்த்தாள்.

"ஏக்கா, என் மூக்கு இவ்ளோ பெருசா?"

அப்புறம், எழுந்து குளிக்கக்கூட முடியாமல் கிடக்கும் நாட்களைப் பற்றி அவளாகவே சொன்னாள்.

கட்டம் முழுக்க ஃப்ளோராவின் முகம். கண் சரியாக வந்திருந்தது. பலூனுக்கு இடமே இல்லை.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். "நாளைக்கும் வரச் சொல்லியிருக்கா மிஸ். போய் என்ன சொல்லட்டும்?"

மெஹர் ஷார்ப்னரை அவள் பக்கம் தள்ளினாள்.

"பென்சில் மழுங்கியிருக்கு ஆன்ட்டி. சீவிக்கிட்டுப் போங்க."