பூவரசம்பூ பொட்டு வச்ச கதை

அந்தக் காலத்துல, மரமும் மட்டையும்கூட வாய் ஓயாம பேசிக்கிட்டு இருந்துச்சுங்க. அப்ப பூவரசம்பூ மேலேருந்து அடி வரைக்கும் ஒரே மஞ்சள். காலையில விரியும், சாயங்காலம் விழும். ஒரு வண்டுகூட எட்டிப் பாக்காது. வண்டு வந்தாத்தானே காய் பிடிக்கும்? "எனக்குன்னு ஒரு விதை மிஞ்சாதா?"ன்னு பூவரசு ஏங்கிப் போச்சு.

காக்கா வந்து உக்காந்துச்சு. "அட மக்கு மரமே! பூ பூக்கறது வெப்சைட் போடற மாதிரி. போட்டுட்டுக் கம்முனு நின்னா எவனுக்குத் தெரியும்? கூவிக் கூப்பிடணும். அதுக்குப் பேருதான் மார்க்கெட்டிங்!"

"நீங்களே கூப்பிடுங்கண்ணே."

காக்கா கழுத்தை நீட்டி, "கா... கா... பூவரசு வீட்டுல தேனு... வாங்க... கா!"ன்னு தொண்டை கிழியக் கத்துச்சு. வண்டும் பட்டாம்பூச்சியும் தேனீயுமா ஊர்ப்பட்ட கூட்டம்! "பாத்தியா, இதான் டிராஃபிக்"னு மூக்கைத் தூக்கிக்கிச்சு.

வந்ததுங்க இதழ் மேல உக்காந்துச்சு, சுத்திச் சுத்திப் பாத்துச்சு, கெளம்பிடுச்சு.

"ஏன்டியம்மா போறே?"ன்னு பட்டாம்பூச்சியைப் பிடிச்சு பூவரசு கேட்டுச்சு.

அது இடுப்பை ஒடிச்சு, "எங்க பாத்தாலும் மஞ்சள், தேனு எங்கன்னு தெரியல. கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டுப் பந்தி எங்கன்னு சொல்லாத வீடு!"ன்னு பறந்துடுச்சு.

"வாசலோட திரும்பிட்டா அது பவுன்ஸ்"னு சொல்லிட்டு, காக்காவும் நைசா நழுவிடுச்சு.

பொழுது சாயுது. பூவரசு பொலபொலன்னு அழுவுது. மூச்சு வாங்க உக்காந்திருந்த ஒரு தேனீ மட்டும், "அழாதக்கா. வந்தவங்களுக்கு வழி காட்டு. 'இங்க அமுக்கு'ன்னு நடுவுல ஒரு பொட்டு வை. அதான் பட்டன்"னுச்சு.

"பொட்டுக்குச் சாயம்?"

"பட்டைக்குள்ள இருக்கற உன் நெஞ்சுக்கட்டை செவப்புதானே? ஆனா கீறினா வலிக்குமேக்கா."

"புள்ளை வேணும்னா வலிக்காமயா?" பூவரசு தன் பட்டையைத் தானே கிழிச்சு, அந்தச் செவப்பைத் தொட்டு, ஒவ்வொரு பூவோட நடுவுலயும் வச்சுச்சு.

தேனீ நேரா பொட்டுல போய் எறங்குச்சு! வயிறு முட்டக் குடிச்சு, மகரந்தத்தை மேலெல்லாம் பூசிக்கிட்டு, அடுத்த பூவுக்குப் போச்சு. "காய் பிடிச்சிடும்க்கா!"

பூவரசுக்கு வெக்கம். தேனீ வந்துபோன பூவெல்லாம் செவந்துபோச்சு.

"அப்படியே இரு அக்கா!"ன்னுச்சு தேனீ. "ஒருதரம் போய்ட்டு வந்த வழி நிறம் மாறிக் காட்டும், அதான் லிங்க். செவந்ததெல்லாம் நான் பாத்த பூன்னு தெரிஞ்சுக்குவேன்."

அன்னையிலேருந்துதான் பூவரசம்பூ நெஞ்சுல செவப்புப் பொட்டோட விரியுது. சாயங்காலமானா, விருந்தாளி வந்துபோன பூரிப்புல மொகம் செவந்து விழுது.