பூட்டு மூடி

"வண்டியில கோளாறு இல்ல டீச்சர். அவன்கிட்டத்தான் கோளாறு. அப்படின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

ஜீப்பைப் பட்டறை வாசலில் நிறுத்தியதும் ஒச்சப்பன் இதைத்தான் சொன்னார். நியாயம் கேட்டு வருகிற பலரும் தீர்ப்பைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள்.

பவுன்தாய் நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பாடம் நடத்தியவர். இப்போது போடி மலையடிவாரத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். தலை நரைத்த டிரைவர்களும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எவன்கிட்ட?"

"வண்டி ஓட்டுறவன்கிட்ட."

ஓட்டுகிறவன் ஒச்சப்பனின் கூடப்பிறந்த தம்பி. பெயர் தவசி. அந்தப் பெயரை அவர் வாயில் எடுத்து மூன்று வாரம் ஆகிறது.

"வண்டி என்ன பண்ணுது?"

"பழைய இன்ஜினைக் கழட்டிட்டு வேற இன்ஜின் வச்சேன். அதுக்கப்புறம் மலையேறும்போது நிக்க ஆரம்பிச்சுது. டீசல் பிரஷர் இறங்கிருதுன்னாங்க. பம்பை மாத்தினேன். ஃபில்டரை மாத்தினேன். குழாயெல்லாம் புதுசு. அப்பவும் நிக்குது."

"நீங்க ஓட்டினாலுமா?"

"அதைத்தான சொல்றேன். நின்னுருச்சுன்னு போன் வரும். நான் போவேன். டேங்க் மூடியைத் தொறந்து டீசல் இருக்கான்னு பாப்பேன். இருக்கும். மூடிட்டு ஏறி உக்காந்தா, உடனே புடிச்சுக்கும். மூணு தடவையும் இதே கதை. என் கையில ஓடுது, அவன் கையில நிக்குது."

மூன்றாவது தடவை வண்டியில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் பதினொரு பேர் இருந்தார்கள். ஜீப் பின்னால் உருண்டது. தவசி மலைப்பக்கம் ஒடித்து, மண்ணில் மோதி நிறுத்தினான். ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது.

அன்று சாயங்காலம் ஜீப் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் ஒச்சப்பன் தம்பியின் சட்டைப் பைக்குள் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

இன்று நாலு மணிக்கு ஜீப் சங்கம் கூடுகிறது. வேண்டுமென்றே வண்டியை நிறுத்தியவன் என்று முடிவானால், இந்த மலையில் தவசிக்கு யாரும் வண்டி கொடுக்க மாட்டார்கள். அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

"எதுக்கு வேணும்னு நிறுத்தணும்?" என்று கேட்டார் டீச்சர்.

"கோவம். டேங்குக்குப் பூட்டு மூடி போட்டேன்ல, அந்தக் கோவம்."

"பூட்டு எதுக்கு?"

"இன்ஜின் மாத்தினதுலருந்து டீசல் ஜாஸ்தி குடிக்குது. குடிக்கிறது இன்ஜினா, ஆளான்னு யாருக்குத் தெரியும்?"

டீச்சர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"பழைய மூடியில ஆணி அடிச்சு ஓட்டை போட்டு வச்சிருந்தான். பாக்கவே அசிங்கம். தூக்கி எறிஞ்சேன். அது இருக்கட்டும்ணேன்னு நின்னான். ஏன் நிக்கிறான்? அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? வண்டி நின்ன எடத்துலருந்து போன் பண்ணினாலும் அதே பேச்சுதான். அண்ணே, மூடிச் சாவியைக் குடுத்து விடுங்க. மூணு தடவையும் இதேதான். பாத்தீங்களா, அவன் கண்ணு எங்க இருக்குன்னு."

"அந்தச் சாவி எங்க?"

ஒச்சப்பன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார்.

டீச்சர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடிங்கண்ணே. வாயை எடுக்காம குடிக்கணும். காத்து உள்ள போகக் கூடாது."

ஒச்சப்பனுக்கு நல்ல தாகம். வாயை அழுத்தி வைத்து உறிஞ்சினார். நாலு மடக்கு வந்தது. பிறகு பாட்டில் சப்பிப்போய் தண்ணீர் நின்றுவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் துடைத்தார்.

"மட்டமான பாட்டில் டீச்சர்."

"இருக்கலாம்."

டீச்சர் ஜீப்பின் டீசல் குழாயில் பிரஷர் மானி ஒன்றைப் பொருத்தி, அதை ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி கம்பியால் கட்டினார். மூடியின் பக்கம் போகவே இல்லை.

"மேல வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. நிக்காம போயிட்டு வந்தா நீங்க கேட்ட வரியை எழுதித் தர்றேன்."

"இதோ வந்துட்டேன்."

"மூடிச் சாவியை இங்க வச்சுட்டுப் போங்க."

"அது எதுக்கு?"

"உங்க தம்பிகிட்ட இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப உங்ககிட்டயும் வேணாம்."

ஒச்சப்பன் கொஞ்சம் யோசித்தார். பிறகு முடிச்சை அவிழ்த்து, சாவியை மேஜைமேல் வைத்தார்.

முதல் வளைவில் மானியின் முள் நிமிர்ந்து நின்றது. மூன்றாவது வளைவிலும் அப்படியே. எழுதி வாங்கப் போகிற அந்த வரியை அவர் மனதுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

ஆறாவது வளைவில் முள் லேசாகச் சாய்ந்தது. மானியும் மட்டம் போலிருக்கிறது என்று நினைத்தார்.

எட்டாவது வளைவில் பாதிக்கு வந்தது.

ஒன்பதாவது வளைவின் ஏற்றத்தில் இன்ஜின் இரண்டு தடவை விக்கி, நின்றுவிட்டது.

இன்ஜின் நின்றதும் பிரேக் மிதி கல்லாக இறுகிவிட்டது. இரண்டு காலாலும் மிதித்தார். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. இடதுபக்கம் பள்ளம், கீழே மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. வண்டியில் அவரைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் அலறிவிட்டார்.

எப்படியோ மலைப்பக்கம் ஒடித்தார். பின்பக்கம் மண்ணில் முட்டி வண்டி நின்றது. பக்கத்திலேயே மண் சரிந்து ஒரு பழைய மோதல் தடம் இருந்தது. அது எந்த வண்டியுடைய தடம் என்று அவருக்குத் தெரியும்.

"பதினொரு பேரு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். வண்டிச் சாவியைத் திருப்பினார், பிடிக்கவில்லை. டீசலைக் கையால் ஏற்றுகிற பம்பை இழுத்தார், மேலே எழும்பவில்லை. குனிந்து டேங்கைப் பார்த்தார்.

அதன் பக்கவாட்டுத் தகடு உள்ளே சப்பியிருந்தது.

கையை வைத்துத் தடவினார். பட்டறையில் சப்பிய பாட்டில் ஞாபகம் வந்தது. கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே வெறும் கயிறுதான் இருந்தது. டேங்க் வாயில் அவரே தேடி வாங்கிப் போட்ட பூட்டு மூடி, ஒரு பொட்டு ஓட்டை இல்லாமல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

மணி மூன்று ஆகியிருந்தது. போனை எடுத்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"மூடிச் சாவியைக் குடுத்து விடுங்க."

அதே வளைவு. அதே பேச்சு. அந்த மண் தடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"குடுத்து விடுறேன்," என்றார் டீச்சர். "யாருகிட்ட?"

ஒச்சப்பன் அந்த மண் தடத்தைக் கையால் தடவினார். டீச்சர் போனை வைக்காமல் இருந்தார்.

"தவசிகிட்ட," என்றார் ஒச்சப்பன்.