அரிய செய்தியின் நீளம்

"எல்லைக்கு மயிரிழை தூரத்துல நிக்கிறேன் மேடம். அந்த மயிரிழைதான் விடமாட்டேங்குது" என்றான் இசக்கிராஜ்.

பேராசிரியர் பிரிஜித் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. மேஜைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான்.

இசக்கிராஜுக்கு நாற்பத்தாறு வயது. தொலைபேசி நிலைய வேலையை விட்டுவிட்டு ஆய்வுக்கு வந்தவன். தன்னைவிட இளையவரிடம் மாணவனாகச் சேர்ந்ததில் அவனுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. தூக்கம்தான் போயிற்று.

அவன் செய்திருந்தது ஒரு சிறு பெட்டி. ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கானது. அங்கே கைபேசி எடுக்காது. பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால், அதற்கான செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வரும். ஆனால் வழி குறுகல். பூஜ்யமும் ஒன்றுமாக, பிட் பிட்டாக, குழாயில் சொட்டுவதுபோலத்தான் போகும். அதனால் செய்திகளைச் சுருக்க வேண்டும்.

சுருக்கியிருந்தான். அடிக்கடி வரும் செய்திக்குக் குட்டிச் சங்கேதம். எப்போதாவது வருவதற்கு நீளமான சங்கேதம். மொத்தத்தில் சராசரி நீளம் குறைந்துவிடும். எவ்வளவு குறையலாம் என்பதற்குக் கணிதம் ஓர் எல்லை போட்டிருக்கிறது. யாரும் அதற்குக் கீழே போக முடியாது. அவன் அதன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை துறைமுகத்தில் படகுகளில் பெட்டியைப் பொருத்துகிறார்கள்.

"அதுக்குள்ள எல்லையைத் தொட்டாகணும்."

"தொட்டா?"

"தொட்டுட்டா இதுக்கு மேல எவனும் சுருக்க முடியாது. என்னோடதுதான் கடைசி."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"வீட்ல ஒண்ணும் கேக்கிறதில்லையா?"

"கேக்கிறா. எதுக்கெடுத்தாலும் 'ம்'னு மட்டும் சொல்றேனாம். உங்களைத்தான் திட்டுறா."

பிரிஜித் சிரித்துவிட்டார். "அங்கேயும் சுருக்கியாச்சா?"

பேனாவை மூடி வைத்தார். "பெட்டியைக் காட்டுங்க."

அவன் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான். மடிக்கணினியைத் திறந்தான்.

"இதுதான் கரை."

பிரிஜித் 'வலை போட்டாச்சு' என்ற பொத்தானை அழுத்தினார். விளக்கு சில முறை சிமிட்டியது. திரையில் செய்தி விழுந்தது.

'எல்லாரும் சுகம்' பொத்தானை அழுத்தினார். விரலை எடுப்பதற்குள் விழுந்தது.

"ஒரே பிட் மேடம்" என்றான். முதல்முறையாக நடப்பதை நிறுத்தியிருந்தான். "தினமும் அழுத்துறது இதைத்தான்."

"ரொம்பக் குறைச்சலா அழுத்துறது எது?"

கடைசிப் பொத்தானைக் காட்டினான். 'படகில் தண்ணீர் ஏறுகிறது.'

"அழுத்துங்க."

அழுத்தினான். விளக்கு சிமிட்டத் தொடங்கியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"இது கொஞ்சம் நேரமெடுக்கும்." அவன் குரலில் பெருமை இருந்தது. "இதை இவ்வளவு நீளமா வச்சதாலதான் 'சுகம்' அவ்வளவு குட்டியா வந்தது. சராசரியில எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

ஜன்னலோரம், ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்காக ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

பிரிஜித் எழுந்தார். சிமிட்டிக்கொண்டிருந்த பெட்டியை எடுத்துப் போய் வாளிக்குள் போட்டார்.

விளக்கு ஒருமுறை தண்ணீருக்குள் மின்னியது. அணைந்தது.

"மேடம்!"

அவர் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார்.

"என்ன பண்ணிட்டீங்க? சோதனைக்குன்னு என்கிட்ட இருக்கிறது அந்த ஒரு பெட்டிதான். உங்களுக்கு என்ன பைத்தியமா?" அப்படிக் கேட்டுவிட்டதை உணர்ந்தும் அவனால் நிறுத்த முடியவில்லை. "இன்னும் ரெண்டு சிமிட்டு சிமிட்டியிருந்தா போயிருக்கும்!"

"போயிருக்கும்."

"அப்புறம் எதுக்கு?"

"கரைக்கு என்ன வந்திருக்குன்னு பாருங்க."

"ஒண்ணும் வந்திருக்காது. பாதிச் சங்கேதத்துக்கு அர்த்தமே கிடையாது. முழுசா வந்து சேந்தாத்தான் என்ன செய்தின்னு பிரிக்க முடியும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். பாருங்க."

பார்த்தான். கடைசியாக வந்த செய்திதான் திரையில் அப்படியே நின்றது.

"என்ன இருக்கு?"

அவன் திரையிலிருந்ததை வாசித்தான்.

"எல்லாரும் சுகம்."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பிரிஜித் அடுத்த விடைத்தாளை எடுத்துப் பிரித்தார்.

இசக்கிராஜ் மறுபடியும் நடக்கத் தொடங்கினான். மேஜை, ஜன்னல். மேஜை, ஜன்னல். வாளியைச் சுற்றிக்கொண்டு போனான்.

"நீங்க பண்ணினது நியாயமில்ல மேடம். இத்தனை படகுல, இத்தனை நாள்ல, அந்தப் பொத்தானை ஒருத்தன் அழுத்தினாலே பெரிசு. அபூர்வமா வர்றதுக்கு நீளத்தைக் கொடு. இதுதானே அடிப்படை? நீங்க நடத்தின பாடம்தானே?"

"ஆமா. நான் நடத்தினதுதான்."

"அப்ப என் கணக்குல எங்க தப்பு?"

"கணக்குல தப்பில்ல."

"பின்ன?"

பிரிஜித் பேனாவைத் திறந்தார்.

"அபூர்வம்னு சொன்னீங்களே, யாருக்கு?"

அவன் வாயைத் திறந்தான். சராசரி என்று தொடங்கப் போனான். பார்வை வாளிக்குள் கிடந்த பெட்டிமேல் விழுந்தது.

குனிந்து வாளிக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுத்தான். மூலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஈரக் கையாலேயே துறைமுகத்துக்குப் போன் போட்டான்.

"திங்கட்கிழமை பெட்டி வராது" என்றான்.